14 வயதில் என்ன சம்மதம்?

தாய்மாரே, கடற்தொழிலாளர் சங்கத்து அண்ணன்மாரே!

சட்டமூலத்தைத்தான் மீளப்பெற்றுவிட்டார்களே, இனி எதற்குக் கூட்டம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அப்படி எழுதத் துணிந்தார்களே, அதற்குத்தான் கூட்டம்! 2024 பெப்ரவரியில் நீதியமைச்சர் விஜயதாச ராஜபக்ச கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் என்ன சொன்னது? பிள்ளைக்கு 14 வயது ஆகியிருந்தால், ஆணுக்கு 22 ஆகாதிருந்தால், அவள் சம்மதித்தாள் என்றால், தண்டனை இளகிவிடும்.

14 வயதில் என்ன சம்மதம்? நம் துறைமுகத்து மீன்வாடியில் 14 வயதுப் பெடியனை ஐஸ் உடைக்க வைத்தால் முதலாளிமீது வழக்கு. வேலை செய்யும் வயதை 2021இல் 16 ஆக்கியது இதே நாடாளுமன்றம். பள்ளிக்கூடம் 16 வரை கட்டாயம். வாக்குப் போட 18. ஐஸ் உடைக்க வயது போதாத பிள்ளைக்கு, ஆம்பிளையின் ஆசைக்கு மட்டும் வயது போதுமா?

"இளசுகளின் காதல், பெடியன்களைச் சிறையில் போடலாமா" என்று சில சட்டத்தரணிமார் உருகுகிறார்கள். ஐயாமாரே, 18 வயதுக்குக் குறைந்த பெடியனுக்குத் தண்டனையைக் குறைக்க 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வழி இருக்கிறது! புத்தகத்தைத் திறக்காமலா வாதாட வந்தீர்கள்? நீங்கள் காப்பாற்றப் பார்த்தது மீசை முளைத்து வருஷக் கணக்கான 21 வயதுக்காரனை.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1974இல் பிரித்தானியாவில் பிள்ளைகள்மீது ஆசை வைத்த ஆண்கள் வெளிப்படையாகச் சங்கம் அமைத்தார்கள். சம்மத வயதையே சட்டத்திலிருந்து எடுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளையின் உரிமைக்காகப் பேசுவதாக வேறு சொன்னார்கள். 1984இல் அந்தச் சங்கம் கலைந்தது, பேச்சு கலையவில்லை. இன்று அது நம் பிள்ளைகளின் போனுக்குள் வந்து நிற்கிறது. வயது வெறும் எண்ணாம்! தூ!

2021இல் கல்கிசையில் 15 வயதுப் பிள்ளையை இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றார்கள். கைதானவர்கள் 40 பேருக்கு மேல். அதில் வைத்தியர், பிக்கு, வியாபாரி. படிப்பறிவில்லாத காடையர் செய்வது என்று இனி யாரும் கதைக்க வேண்டாம்.

பிள்ளையை வல்லுறவு செய்தவனுக்குச் சட்டம் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்கிறது. அந்தக் கட்டாயம் நீதிபதியின் கையைக் கட்டாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து ஒத்திவைத்த சிறைத்தண்டனை! குற்றவாளி என்று சொல்வார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு வழக்கு முடிந்த அன்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி, எங்கட பஸ்ஸிலதான் அவனும் ஏறினான். பிள்ளை என்ர மடியில முகத்தைப் புதைச்சிட்டாள்." அந்தப் பிள்ளையிடம் போய்ச் சம்மதம் பற்றிக் கேட்பீர்களா?

வாக்குக் கேட்டு வருகிறவரை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்துங்கள். பிள்ளைகள் வழக்கில் ஒத்திவைத்த தண்டனை கூடாதென்று சட்டம் கொண்டுவருவீரா என்று கேளுங்கள். எழுதித் தராதவருக்கு மூதூரிலும் வாக்கில்லை, கிண்ணியாவிலும் வாக்கில்லை, இந்தப் பட்டணத்திலும் வாக்கில்லை!