காலை மாத்திரை, சாயங்காலக் கோபம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

நாமக்கல்ல இருந்து பேசறேன். போன தடவை வந்தப்ப, 39 வயசுல எனக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். பையனைக் காட்டப் போன இடத்துல டாக்டர், "வீட்ல வேற யாராவது இப்படி இருக்காங்களா?"ன்னு கேட்க, என் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம என்னைத் திரும்பிப் பார்த்த கதை. அதுக்கப்பறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மாத்திரையைப் பத்தித்தான். அதனால இன்னைக்கு அது மட்டும். நான் டாக்டர் இல்லைங்க, ரெண்டு லாரி ஓடற வீட்டுல கணக்கு எழுதறவ. எனக்கு நடந்ததைச் சொல்றேன். உங்க அளவு, உங்க மருந்து எல்லாம் உங்க டாக்டர்கிட்டதான்.

மருந்துக்கு ஏன் சம்மதிச்சேன்னு முதல்ல சொல்லிடறேன். லாரிக்கு எப்.சி. ஒரு தேதி, இன்சூரன்ஸ் ஒரு தேதி, பர்மிட் ஒரு தேதி, வரி ஒரு தேதி. காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருப்பேன். வட்டம் போட்ட காலண்டரைப் பார்க்க மறந்துடுவேன். ஒரு தடவை இன்சூரன்ஸ் முடிஞ்சு நாலு நாள் வண்டி ரோட்டுல ஓடியிருக்கு. ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா? அந்த நாலு நாளை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

மாத்திரை எழுதறதுக்கு முன்னாடியே டாக்டர் பிரஷர், நாடித்துடிப்பு, எடை மூணையும் குறிச்சுக்கிட்டாங்க. தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு மாரடைப்புல போயிருக்காங்களான்னு கேட்டாங்க. அன்னைக்கு எழுதின எடைதான் பின்னாடி எல்லாத்துக்கும் அளவுகோல் ஆச்சு. உங்க டாக்டர் குறிக்கலைன்னா நீங்களே ஒரு சீட்டுல குறிச்சு வச்சுக்கங்க.

முதல்ல குடுத்தது அட்டமாக்ஸெட்டின். இது உடனே வேலை செய்யாதுங்க, நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். பக்க விளைவு மட்டும் ரெண்டாம் நாளே வந்துடும். எனக்குக் குமட்டல். வெறும் வயித்துல போட்டுட்டு ராசிபுரம் பஸ்ல ஏறி, பாதி வழியில இறங்கி ரோட்டோரமா நின்னேன். சாப்பாட்டுக்கு அப்பறம் போட்டா குறைஞ்சுது. ஆனா வாய் வறட்சி போகவேயில்லை. நம்ம ஊர் சித்திரை வெயில்ல வாயும் காய்ஞ்சா எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. ஒரு விஷயம், இந்த மருந்துல கண்ணு மஞ்சளாச்சுன்னா, சிறுநீர் கருத்துப் போச்சுன்னா உடனே டாக்டரைப் பார்க்கணும். அரிதா கல்லீரலைப் பாதிக்கும். எனக்கு அதெல்லாம் இல்லை. ரெண்டு மாசம் ஆகியும் பெருசா பலன் தெரியலை, அதனால மாத்துனாங்க. இதே மருந்து நல்லா ஒத்துப்போனவங்களையும் எனக்குத் தெரியும்.

அடுத்தது மெத்தில்ஃபெனிடேட். முதல் நாள் காலையில போட்டுட்டு உட்கார்ந்தவ, மூணு மாச டீசல் பில்லை வரிசைப்படுத்தி முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். எழுந்து அழுதேன். சந்தோஷம் பாதி, இத்தனை வருசம் போச்சேங்கற ஆத்திரம் பாதி.

ஆனா இதை வாங்கறதே ஒரு வேலைங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல இது அட்டவணை எக்ஸ்-ல இருக்கற மருந்து. டாக்டர் சீட்டு ரெண்டு பிரதி வேணும். ஒண்ணைக் கடைக்காரர் வாங்கி ரெண்டு வருசம் பத்திரமா வச்சிருக்கணும். கடைக்கும் தனி லைசென்ஸ் வேணும், மருந்தைத் தனியாப் பூட்டி வைக்கணும். அதனால எல்லாக் கடையிலயும் இருக்காது. நான் ஏறி இறங்கின ஒரு கடையில சீட்டைப் பார்த்துட்டு, மாத்திரை யாருக்கு, டிரைவருக்கான்னு கேட்டாங்க. பக்கத்துல நாலு பேர் நிக்கறாங்க. எனக்குத்தாங்கன்னு சொன்னப்ப என் குரலே எனக்குக் கேட்கலை. இப்ப சேலத்துல ஒரு கடை, முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போறேன்.

ஆன்லைன்ல டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. முடியாதுங்க. 2020-ல வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்ல, அட்டவணை எக்ஸ் மருந்துகளை வீடியோ வழியா எழுதக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. அமெரிக்காவுல இருக்கற மச்சான்கிட்டச் சொல்லி அங்க கிடைக்கற ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரையை வரவழைக்கலாமான்னு இன்னொருத்தர். தயவுசெஞ்சு வேண்டாம். அது 1985-ஆம் வருசத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற சரக்கு. மச்சானும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க.

பசிக்கு வர்றேன். முட்டை ஊர்ல பொறந்துட்டு முட்டை வாசம் பிடிக்காமப் போறதுன்னா பாருங்க. மதியம் தட்டுல கை வச்சா சோறு இறங்காது. ரெண்டு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சேன். அத்தை தினமும், "ஏன் கண்ணு, என்னதான் ஆச்சு உனக்கு?"ன்னு கேட்பாங்க. மாத்திரைன்னு சொல்லலை. இப்ப வழி என்னன்னா, மாத்திரைக்கு முன்னாடியே வயித்தை ரொப்பிடறது. காலையில ரெண்டு முட்டை, மூணு இட்லி, அப்பறம்தான் மாத்திரை. ராத்திரி எட்டரைக்கு மேல பசி திரும்பி வரும், அப்ப நல்லா சாப்பிடறது. புரட்டாசியிலதான் திண்டாட்டம். வீட்டுல முட்டை கிடையாது. பச்சைப்பயறு, பன்னீர், நிலக்கடலைன்னு ஓட்டினேன். எடையை ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்கறேன், தினமும் பார்த்தா பயம்தான் மிச்சம்.

தலைவலி முதல் வாரத்தோட போச்சு. தூக்கத்துக்கு, மத்தியான மாத்திரையை ரெண்டு மணிக்கு மேல போடறதில்லைன்னு வச்சேன், சரியாச்சு.

இதயத் துடிப்புதான் என்னை நிஜமா பயமுறுத்தினது. மார்ச் மாசம், கணக்கு முடிக்கற நேரம். மறதிக்கு மாத்திரை போடறவ, மாத்திரை போட்டதையே மறந்துட்டேன். சிரிங்க, பரவாயில்லை. போட்டேனா இல்லையான்னு சந்தேகம், இன்னொண்ணைப் போட்டேன். நடுவுல மூணு காபி. சளிக்குன்னு மெடிக்கல்ல வாங்கின மூக்கடைப்பு மாத்திரை வேற. பதினோரு மணிக்கு நெஞ்சு டீசல் இன்ஜின் மாதிரி அடிக்குது. கை நடுங்குது. பிரஷர் மெஷின்ல 150-க்கு 100, துடிப்பு 118. யாருகிட்டச் சொல்றது? வீட்டுல யாருக்கும் மாத்திரை விஷயம் முழுசாத் தெரியாது. வீட்டுக்காரருக்கே ஏதோ சத்து மாத்திரைன்ற அளவுலதான் தெரியும். அரை மணி நேரம் ரூம்ல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு, ரெண்டாவது மாத்திரையைவிட.

கடைசியில அவருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னேன். வந்தார். ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க, நல்லாத்தான் இருந்தது. சில மணி நேரம் படுக்க வச்சு அனுப்பிட்டாங்க. வழியில அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எங்கிட்டச் சொன்னா என்ன பண்ணிடுவேன்னு நெனச்ச?" எனக்குப் பதில் இல்லை.

அடுத்த நாள் அவரே ஏழு கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கிட்டு வந்தார். கட்டம் காலின்னா போட்டாச்சு. அவ்வளவுதான். காபி காலையில ஒண்ணு. சளி மாத்திரை வேணும்னா டாக்டரைக் கேட்டுட்டுத்தான். மூக்கடைப்புக்கு வர்ற நிறைய மாத்திரைகள்ல பிரஷரை ஏத்தற ஃபினைலெஃப்ரின் இருக்கு.

அன்னைக்கு ராத்திரியே அத்தைகிட்டயும் சொல்லிட்டோம். "போதை மாத்திரையா கண்ணு?"ன்னாங்க. கடைக்காரர்ல இருந்து அத்தை வரைக்கும் எல்லாருக்கும் அதே சந்தேகம். இது நேத்து வந்த மருந்து இல்லைங்கத்தைன்னு சொல்லி ஒரு கதை சொன்னேன். 1944-ல சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்து சீபா கம்பெனியில லியாண்ட்ரோ பானிஸோன்னு ஒரு வேதியியலாளர் இதைத் தயாரிச்சார். அவர் சம்சாரம் மார்கரீட், செல்லப் பேர் ரீட்டா. அந்தம்மாவுக்குப் பிரஷர் கம்மி, டென்னிஸ் ஆடறதுக்கு முன்னாடி இதைப் போட்டுக்குவாங்களாம். ரிட்டாலின்கிற பேரே அவங்க பேர்ல வச்சதுதான். அத்தைக்கு மருந்தைவிட அந்தப் பேரு கதை பிடிச்சுப் போச்சு. "ரீட்டா மாத்திரை போட்டாச்சா?"ன்னுதான் இப்பக் காலையில கேட்கறாங்க.

கடைசியா சாயங்காலம். இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லலை. சாதாரண வகை மாத்திரை மூணு நாலு மணி நேரம்தான் நிக்கும். மத்தியானம் போட்டது சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு இறங்கறப்ப, மருந்து போடாத நாளைவிட மோசமா இருக்கும் எனக்கு. சத்தம் தாங்காது, எரிச்சல் மண்டைக்கு ஏறும். பையன் ட்யூஷன்ல இருந்து வர்ற நேரமும் அதுதான். ஒரு நாள் தண்ணி பாட்டிலைத் தொலைச்சுட்டு வந்தான். என் கையில இருந்த டிபன் டப்பாவைத் தரையில அடிச்சேன். மூடி போய் சுவத்துல பட்டுது. அவன் அழலை. மெதுவா, "அம்மா, உன் மாத்திரை தீந்துருச்சா?"ன்னு கேட்டான்.

ஒன்பது வயசுங்க.

டாக்டர்கிட்ட இதை அப்படியே சொன்னேன், டப்பா உட்பட. நேரத்தைக் குறிச்சுட்டு வந்ததால சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டாங்க. மெதுவாக் கரையற வகைக்கு மாத்தினாங்க. காலையில ஒண்ணு போதும், இறக்கமும் மெதுவா இருக்கு. முழுசாப் போகலை. நாலு மணிக்கு ஏதாவது கட்டாயம் சாப்பிடறேன். அஞ்சரையில இருந்து ஆறேகால் வரைக்கும் யாரும் என்கிட்டக் கணக்குக் கேட்கக்கூடாதுன்னு வீட்டுல ஒப்பந்தம். அந்த நேரத்துல நான் மொட்டை மாடியில இருப்பேன். அங்க இருந்து பார்த்தா மலைக்கோட்டை தெரியும். சில நாள் பையனும் வருவான், பேசமாட்டான், பக்கத்துல உட்காருவான்.

மாத்திரையால மனசு ரொம்பக் கீழ போகுது, சாகணும்னு தோணுதுன்னு யாருக்காவது இருந்தா, தயவுசெஞ்சு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. கிடைக்கலைன்னா டெலி-மனஸ், 14416, இருபத்தி நாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

எனக்கு டப்பாவுல இன்னும் அஞ்சு கட்டம் மீதி இருக்கு. சனிக்கிழமை சேலம் போகணும், ரெண்டு பிரதி சீட்டு வாங்கணும். இந்தத் தடவை அத்தையும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க, டாக்டர்கிட்ட எடையைப் பத்தி அவங்களே பேசணுமாம். வரட்டுங்களா. வணக்கம்.