எல்லை தெரிந்தால் அலையலாம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கோடை விடுமுறையில் தென் ஐரோப்பாவில் பன்னிரண்டு நாள் தனியாகச் சுற்றி வந்தேன். ஸ்பெயினில் ஆவிலா, பிரான்சில் கார்கசோன், இத்தாலியில் லூக்கா. மூன்றும் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள். "கூட யாரும் வரலையா டீச்சர்?" என்று கேட்காதவர்கள் இல்லை. யாரும் வரவில்லை, வழிகாட்டியும் இல்லை, என்னென்ன பார்ப்பது என்ற பட்டியலும் இல்லை. அப்படி நடந்ததில் நம் வகுப்பறைக்குப் பயன்படக்கூடிய ஒன்று கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. அரசு ஊழியர்களான நாம் நினைத்தவுடன் விமானம் ஏறிவிட முடியாது. துறையின் அனுமதி வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதி, தங்குமிடம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு என எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அந்த ஒரே விசாவில் மூன்று நாடுகளுக்கும் போகலாம். ஆகவே, எங்கே தூங்குவது என்பதெல்லாம் முன்பே முடிவானதுதான். விடிந்ததும் எந்தத் தெருவில் நுழைவது என்பது மட்டுமே என் கையில் இருந்தது.

அதற்கு மதில் ஊர்கள் மிகவும் ஏற்றவை. ஆவிலாவின் மதில் சுற்றளவு சுமார் 2.5 கி.மீ. லூக்காவில் சுமார் 4.2 கி.மீ. எந்தச் சந்தில் திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் மதிலில் போய் நிற்போம். அதை ஒட்டியே நடந்தால் ஒரு வாசல் வந்துவிடும். மொழி தெரியாத ஊரில் தனியாக நடப்பவருக்கு இது பெரிய தைரியம். பகைவரைத் தடுக்கக் கட்டிய மதில் எனக்குத் துணையாக வந்தது. வழி தவறும் பயம் போனதும், கண் தானாகச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கியது. பார்க்கத் தொடங்கியதும் கேள்விகள் வந்தன.

ஆவிலா கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மே மாதத்திலும் காலையில் குளிர். அதன் மதில் பெரும்பாலும் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. உயரம் சராசரியாக 12 மீட்டர், தடிமன் 3 மீட்டர். சிறிது தூரத்துக்கு ஒன்றாக அரைவட்டக் கோபுரங்கள். ஓரிடத்தில் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்த ஒரு கோபுரம் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் அது பேராலயத்தின் பின்பகுதி! வழிபடும் இடமே காவல் அரணாகவும் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் போட்டாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

கார்கசோனில் இரட்டை மதில், 52 கோபுரங்கள். அங்கே என்னை நிறுத்தியவை கூரைகள். சில கோபுரங்களில் கறுப்புப் பலகைக்கல் வேய்ந்த கூர்மையான கூம்புகள்; சிலவற்றில் தாழ்வான சிவப்பு ஓடு. ஒரே கோட்டையில் ஏன் இரண்டு விதம்? அன்று இரவு அறையில் படித்துத் தெரிந்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கோட்டை இடிபட இருந்தது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். 1853 முதல் வியோலே லெ டூக் என்ற கட்டடக் கலைஞர் சீரமைத்தார். அவர் வைத்த கூம்புக் கூரை வடக்கு பிரான்சின் பாணி, தெற்குக்குப் பொருந்தாது என்ற விமர்சனம் எழுந்தது. பின்னாளில் சில கோபுரங்களுக்கு ஓடு போட்டார்கள். வரலாறு என்பது நடந்தது மட்டுமல்ல, அதைப் பின்னால் வந்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும்தான். அதற்கு அந்தக் கூரைகளைவிட நல்ல கற்பித்தல் துணைக்கருவி வேண்டுமா?

பீசாவிலிருந்து லூக்காவுக்கு ரயிலில் அரை மணி நேரம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய இந்த மதிலும் ஏறக்குறைய 12 மீட்டர் உயரம்தான். ஆனால் அடியில் தடிமன் சுமார் 30 மீட்டர்! மேலே மரங்கள் நிற்கின்றன. மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆவிலாவைப் போலப் பத்து மடங்கு தடிமன் எதற்கு? இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பீரங்கி வந்துவிட்டது. அம்பு முனை போல வெளியே நீளும் கொத்தளங்களும் அதனால் வந்தவையே. ஐரோப்பியர் வழியாக அந்தக் கொத்தள அமைப்பு நம் கடற்கரைக்கும் வந்தது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையில் அதைப் பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை: எதிரிப் படைக்காகக் கட்டிய லூக்கா மதில், 1812இல் செர்க்கியோ ஆற்று வெள்ளத்திலிருந்துதான் ஊரைக் காப்பாற்றியது.

பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மதில்களின் படங்களை ஒட்டினேன். பெயரோ ஆண்டோ எழுதவில்லை. உயரமும் தடிமனும் மட்டும் எழுதினேன். "எது பழையது? எப்படிச் சொல்றீங்க?" பத்து நிமிடம் கொடுத்தேன். வாசிக்கத் திணறும் ஒரு மாணவன், கொத்தனார் வீட்டுப் பிள்ளை, எழுந்தான். "டீச்சர், முப்பது மீட்டரும் செங்கல்னா கட்டுப்படி ஆகாது. வெளியில செங்கல் வெச்சு உள்ள மண்ணைக் கொட்டியிருப்பாங்க" என்றான். அதுவேதான் உண்மை. குண்டின் வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும். இடைக்காலக் கோட்டைகள் பற்றிய பத்தியை அவனை வாசிக்கச் சொல்லியிருந்தால், அன்றும் தலைகுனிந்தே நின்றிருப்பான்.

நாம் பெரும்பாலும் விடையை முதலில் கொடுத்துவிட்டு, கேள்வியைத் தேர்வில் கேட்கிறோம். "45 நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், இதில் எங்கே அலைவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். பிள்ளைகளை இலக்கில்லாமல் விட்டுவிடச் சொல்லவில்லை. எல்லை வேண்டும்: ஒரு படம், ஒரு கேள்வி, பத்து நிமிடம். அந்த மதிலைக் கட்டுவது ஆசிரியரின் வேலை. அது உறுதியாக இருந்தால், பிள்ளைகள் உள்ளே பயமில்லாமல் அலைவார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் பாடத்துக்கே வந்து சேர்வார்கள்.

வெளிநாடு போனால்தான் இது முடியும் என்பதில்லை. அடுத்த வாரம் உங்கள் பாடத்திலிருந்து ஒரு படத்தை எடுங்கள். அதன் கீழே உள்ள வரியை மறைத்துவிட்டு வகுப்பில் காட்டுங்கள். இதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை என்ன சொன்னது என்பதை அடுத்த பயிற்சியில் எங்களுக்கும் சொல்லுங்கள்.