வெருகல் கரையிலிருந்து நுவரெலியாவுக்கு



தமிழிலே பனி என்னும் சொல் ஒன்று. அது சுட்டும் பொருள்களோ பல. விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. மார்கழி மாதத்து மூடுபடலமும் பனி. இமயத்தின் முடிகளில் வீழ்ந்து கிடக்கும் வெண்பொருளும் பனி. மாரிக்காலத்தின் இறுதியில் மலைநாட்டுக்குச் சைக்கிளிற் செல்லத் திட்டமிடுவோர், தாம் எதிர்கொள்ளப்போகும் பனி எது என்பதையே முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

இலங்கையின் மலைகளில் இமயத்திற் போல வெண்பனி பொழிந்து குவிவதில்லை. ஆயினும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகள் சில விடியல்களில் வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தோன்றும். அது உறைபனி. முகிலற்ற, காற்றோட்டமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. மலைகளிலிருந்து வழிந்து பள்ளத்திலே தேங்குகிறது. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி இரண்டு மூன்று பாகை காட்டும்போதே, அதன் கீழேயுள்ள புல் உறைநிலைக்குக் கீழே இறங்கியிருக்கும். தேயிலைத் தோட்டத்தார் இதை நன்கறிவர். உறைபனி படிந்த கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப்போகும். கருகியதைப் பறித்துப் பயனில்லை.

இனி, ஈச்சிலம்பற்றில் இளைஞர் இருவர் இப்பயணத்தை எண்ணுகின்றனர் எனக் கொள்க. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் வெருகல் ஆற்றுக்கும் அணித்தாக அமைந்த ஊர் அது. நிலம் கடல்மட்டத்தை ஒட்டியது. மேடு என்று சொல்லத்தக்கது பாலத்தின் ஏற்றம் ஒன்றே. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவிதி. எனவே கடற்கரைக்கும் அம்மலைக்கும் இடையே பன்னிரண்டு பாகை வேறுபாடு கணக்கிலேயே வந்துவிடுகிறது. உறைபனி இரவின் குளிர் அதற்கும் மேலானது.

புறப்படும் நாளை எவ்வாறு குறிப்பது? வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை தருகிறது. அம்மழை பதுளை, வெலிமடைச் சரிவுகளையும் விடுவதில்லை. பெப்ரவரியில் மழை ஓய்கிறது. ஆனால் வானம் தெளிவதனாலேயே உறைபனியும் அப்போது வருகிறது. வழி உலர்வதும் குளிர் கடுப்பதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. பெரும்போக நெல் அறுவடை முடியுமுன் வயலை விட்டு அகல இயலாதவர்க்கு நாளைத் தேரும் உரிமையும் அதிகமில்லை.

இங்கே வெருகல் ஆறு ஒரு துணை செய்கிறது. அது மகாவலி கங்கையின் ஒரு கிளை. இளைஞர்கள் ஏறவிருக்கும் மலைகளில் ஓடும் பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியிலேயே கலக்கின்றன. ஆகவே ஆறு செந்நிறமாய்க் கரைபுரண்டு ஓடுமாயின், மலைச்சரிவுகளின் மண் நீரில் ஊறியிருக்கக்கூடும் என்று ஐயுறலாம். இடையிலே அணைகள் பல நீரைத் தடுத்து வைப்பதால் ஆறு முழுக்கதையையும் சொல்லாது. ஆயினும் ஐயத்தை எழுப்புவதற்கு அது போதும். ஐயத்தைத் தீர்க்க வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் உள்ளன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. அந்நாளை நினைப்பவர் எவரும் இவ்வெச்சரிக்கையை வெறுஞ்சொல்லாகக் கொள்ளார்.

வழியைத் தெரிவதில் இடர்ப்பாடு இல்லை. வெருகலைக் கடந்து, வாகரை, வாழைச்சேனை வழியாகத் தெற்கே சென்றாற் செங்கலடி. முன்னாளில் இக்கரையோர வீதியில் ஆறுகளைக் கடக்கப் ‘பாதை’ எனப்பட்ட மிதவைகளை நம்பியிருந்தனர். இன்று பாலங்கள் உள்ளன. செங்கலடியிலிருந்து மேற்கே திரும்பும் பெருந்தெரு மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை ஆகிய ஊர்களைத் தொட்டு நேரே நுவரெலியாவை அடைகிறது. வாகரை வழி ஈச்சிலம்பற்றுக்குப் புதிதன்று. 2006ஆம் ஆண்டில் போரின் காரணமாக இடம்பெயர்ந்த மக்கள், முதியோரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சென்ற வழியும் அதுவே. அன்று சைக்கிளின் பின்னே கட்டப்பட்டவை வேறு.

நான்கு நாட்கள் போதுமானவை. முதல் நாள் செங்கலடி வரை சமநிலம். இரண்டாம் நாள் பிபிலை வரை. மகா ஓயாப் பகுதியில் யானைகள் நடமாடுமாதலால் பொழுது சாயுமுன் ஊரை அடைந்துவிடல் வேண்டும். மூன்றாம் நாள் பதுளை வரை ஏற்றமும் இறக்கமும். நான்காம் நாள்தான் மெய்யான மலையேற்றம். வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் ஒற்றைக் கியர்ச் சைக்கிள் இதற்கு ஆகாது. அகன்ற ரயரும், முன்னே சிறிய பற்சில்லும் பின்னே பெரிய பற்சில்லும் உடைய மலைச் சைக்கிளே வேண்டும். அப்போதும் சில இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கு இல்லை.

எனினும் பலரும் ஏற்றத்தையே நினைத்து அஞ்சுகின்றனர். இறக்கத்தை ஓய்வு என்று எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. ஏறுகையில் உடலின் உழைப்பே வெப்பம் தருகிறது. இறங்குகையில் கால்கள் வாளா இருக்கின்றன. வியர்வையில் நனைந்த சட்டையின்மேல் குளிர்காற்று மோதுகிறது. சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. அந்த விரல்களே பிறேக்கைப் பிடிக்க வேண்டியவை.

பிறேக்கின் நிலையையும் கருதுக. ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 90 கிலோகிராம் எனின், ஆயிரம் மீற்றர் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியது பிறேக்கில் வெப்பமாகும். சில்லின் விளிம்பை இறுக்கும் பிறேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே இறங்கினால் விளிம்பு சுட்டு ரியூப் வெடிப்பதும் உண்டு. விட்டுவிட்டுப் பிடித்தலும், இடையிடையே நின்று ஆறவிடுதலும் வேண்டும். ஈரத்தில் இதே பிறேக் பிடி தளர்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலால் இத்திட்டத்தை நுவரெலியாவிலிருந்து பின்னோக்கி வரைவதே அறிவுடைமை. இறக்கத்தை விடியலில் தொடங்குதல் கூடாது. உறைந்த தெரு வழுக்கும், கைகளும் மரக்கும். பிற்பகலிலும் கூடாது; மூடுபனி இறங்கி வளைவுகளை மறைக்கும். வெயில் ஏறி உறைபனி உருகிய பின், மூடுபனி சூழுமுன், உள்ள சில மணி நேரமே அதற்கு உரியது. அதைத் தவறவிட்டால் மறுநாள்தான் என்று புறப்படுமுன்னரே இருவரும் உடன்படல் நன்று. மலையில் நின்றுகொண்டு வாதாடுவோர் குளிரிலே சரியாகச் சிந்திப்பதில்லை.

கொண்டுசெல்ல வேண்டியவை சிலவே. மாற்றுச் சட்டை ஒன்று நனையாத பையில் இருத்தல் வேண்டும். உச்சியை அடைந்ததும் உடம்பைத் துடைத்து அதை அணிதல் வேண்டும். அலாஸ்காவின் மெய்யான பனிவெளியில், நான்கு அங்குல அகல ரயர்களிற் காற்றைக் குறைத்து ஓட்டுவோரும் குளிரைவிட ஈரத்துக்கே அதிகம் அஞ்சுவர். கையுறை இல்லாதவர் கையுறை வாங்கட்டும். கடற்கரை ஊரில் அது எளிதிற் கிட்டாதெனின் பதுளையிற் கிட்டும். பழைய செய்தித்தாள் இரண்டு தாள் சட்டைக்குள் மார்பில் வைத்தால் காற்றைத் தடுக்கும். ஐரோப்பாவின் மலைப்பந்தயக்காரர் நெடுங்காலமாகக் கையாண்ட உபாயம் இது. பிறேக்கின் இறப்பர்க் கட்டைகள் ஒரு சோடி மேலதிகமாக இருக்கட்டும்.

லொறிக் கூலிக்கெனக் கொஞ்சம் பணம் தனியாக முடிந்துவைத்தல் வேண்டும். நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் கோவாவும் கரட்டும் ஏற்றிய லொறிகள் நாள்தோறும் கீழே இறங்குகின்றன. மழை பிடித்துக்கொண்டாலோ, விரல்கள் சொற்கேளாதுபோனாலோ, சைக்கிள்களை மரக்கறி மூட்டைகளின்மேல் ஏற்றிக்கொண்டு பதுளை வரை வந்துவிடலாம். எஞ்சிய வழியை மறுநாட் காலை, சூடான இஞ்சித் தேநீர் அருந்திய பின் மிதித்துக் கடக்கலாம்.