பத்துக் கையெழுத்துகள்

(ஆய்வு மாணவர்கள் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிறிய கட்சி வேட்பாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 'டெபாசிட் போச்சு' என்ற சொல்தான். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளர் வைப்புத்தொகையை இழப்பார். சட்டமன்றத்துக்கு அது 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. வாக்கு எண்ணிக்கை முடிந்த மாலை டீக்கடையில் சிரிப்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான். நான் வேறு கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஓர் அக்கா. சேரியில் வீடு, தையல் தொழில். 2019 டிசம்பரில் ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கும், 2021இல் சட்டமன்றத்துக்கும் ஒரு சிறிய அம்பேத்கரியக் கட்சியின் சார்பில் நின்றார். சட்டமன்றத்துக்கு நின்றது பொதுத் தொகுதி. இரண்டு தேர்தலிலும் டெபாசிட் போனது. இரண்டு முறையும் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தவன் நான்.

சட்டமன்றத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். அங்கீகாரம் இல்லாத கட்சி என்றாலோ, சுயேச்சை என்றாலோ பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய பெயரும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தேர்தல் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். படிக்கும்போது இது வெறும் விதி. கையெழுத்து வாங்கப் போனபோதுதான் அதன் கனம் தெரிந்தது. ஒருவர் ஊர்க்காரரிடம் வாரத்துக்கு நிலம் பிடித்திருந்தார். இன்னொருவரின் மகன், ஆளுங்கட்சிப் பிரமுகரின் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். "ஓட்டு உனக்குத்தாம்மா போடுவேன், கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார்கள். நான் கோபப்பட்டேன். அக்கா கோபப்படவில்லை. "அவங்க வயித்தையும் நாமதான் யோசிக்கணும் தம்பி" என்றார். பத்தாவது ஆளாக வந்தது கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி. கைநாட்டு வைப்பவர் அதை அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும் என்பது விதி. வெயிலில் பஸ் ஏறி வந்து வைத்துவிட்டுப் போனார்.

வாக்களிப்பது ரகசியம் என்கிறார்கள். சேரிக்கு அந்த ரகசியம் இருக்கிறதா? பல கிராமங்களில் ஊருக்கு ஒரு வாக்குச்சாவடி, சேரிக்கு ஒரு வாக்குச்சாவடி. முடிவுகள் படிவம் 20இல் சாவடி வாரியாக வெளியாகின்றன. எங்கள் சேரிச் சாவடியில் அக்காவுக்கு விழுந்தவை நாற்பதைத் தொடவில்லை. அடுத்த வாரமே 'யார் அந்த நாற்பது பேர்' என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நாற்பது வாக்கு நாற்பது முகங்களாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

காகித வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் இருக்கும் என்று தேர்தல் ஆணையம் கருதினால் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் அது நடைமுறையில் இல்லை. பல இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியை 2008இல் ஆணையமே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. படிவம் 20 இல்லாமல் என் முனைவர் பட்ட ஆய்வே இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: என் ஆய்வு கெட்டாலும் பரவாயில்லை, சாவடி வாரிக் கணக்கு வெளியாவது நிற்க வேண்டும்.

பதவி சிறியதாக ஆக ஆக, போட்டியிடுவதற்குக் கொடுக்கும் விலை பெரிதாகிறது. சட்டமன்ற வேட்பாளர் ஓட்டுக் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஊராட்சித் தலைவர் அங்கேயே இருந்து, அங்கேயே நாற்காலியில் உட்கார வேண்டும். மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கு நடுவே நின்று வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில், உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை, பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. அரசமைப்புச் சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் கொடுக்க மறுத்தது.

இப்போது நம் பக்கத்துத் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். 'தனியாக நின்றால் ஓட்டுத்தானே பிரியும்? பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயிக்கலாமே?' நேர்மையான கேள்வி. சனாதன சக்திகளைத் தடுக்கக் கூட்டணி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சின்னத்தை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். அடுத்தவர் சின்னத்தில் வென்றவர், கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்சியின் உறுப்பினர். 2001இல் மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் வென்ற தோழர் திருமாவளவன், 2004இல் பதவியைத் துறக்க நேர்ந்தது. 2016இல் காட்டுமன்னார்கோவிலில் வெறும் 87 வாக்குகளில் தோற்றார். 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் பானை, விழுப்புரத்தில் உதயசூரியன். 2024இல் இரண்டு தொகுதிகளிலும் பானையிலேயே வென்ற பிறகுதான் விடுதலைச் சிறுத்தைகளுக்கு மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் வந்தது. 1999இல் தேர்தல் பாதைக்கு வந்த கட்சி அது. பத்துக் கையெழுத்தை ஒன்றாகக் குறைக்கக் கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

தோல்வி நமக்குப் புதிதல்ல. அரசமைப்புச் சட்டத்தை எழுதிய பாபாசாகேபையே 1952இல் வடக்கு பம்பாயில் தோற்கடித்தார்கள். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்கடித்தார்கள். மாயாவதி 1984இல் கைரானாவிலும், 1985இல் பிஜ்னோரிலும், 1987இல் ஹரித்வாரிலும் தோற்றுவிட்டுத்தான் 1989இல் பிஜ்னோரில் வென்றார். அடுத்த ஆறு ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் முதல்வர். அந்த மூன்று தோல்விகளைப் பார்த்தும் அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் தேர்தல்களில் நம் சின்னத்தைத் தேடி நம் மக்கள் பழக வேண்டும். அங்கே சின்னத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு, வேட்பாளருக்கு முன்னால் பூத் முகவரைத் தயார் செய்யுங்கள். ஊர்ச் சாவடிக்குள் நம் ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதே பாதி வெற்றி. மூன்று, டோட்டலைசர் கோரிக்கையை நம் இயக்கங்களின் கோரிக்கையாக்குங்கள். எல்லோரையும்விட நமக்குத்தான் அது அதிகம் தேவை.

2021 தேர்தல் முடிவு வந்த இரவு, அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என்னால் பேச முடியவில்லை. அவர் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "போன தடவை ஊர்த்தெருவுல நோட்டீஸ் கொடுக்கப் போனா கையை நீட்டல, திண்ணையில வெச்சிட்டுப் போன்னாங்க. இந்தத் தடவ நாலு பேர் கையில வாங்கினாங்க, பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருந்தேன். ஆனால் எண்ணவில்லை. அக்கா எண்ணியிருந்தார்.