எஃகின் வலிமை எடையில் இல்லை

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வீடு கட்டும் நம்மில் பலர் மேஸ்திரியிடம் சொல்வது ஒன்றுண்டு: "செலவைப் பார்க்காதீர்கள், கம்பியைக் கூடுதலாகவே போடுங்கள்." இரும்பு கூடினால் பலமும் கூடும் என்பது நமது நம்பிக்கை. அது முழு உண்மையன்று என்பதை உலகுக்குக் கட்டியே காட்டியவர் நமது துணைக்கண்டத்துப் பொறியாளர் ஒருவர். 1929இல் டாக்காவில் பிறந்து, 1952இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அவர்களே அவர்.

கட்டடம் உயர உயர, காற்றின் தள்ளுவிசையே அதற்குப் பெரும் சோதனையாகிறது. பழைய முறையில் உள்ளும் புறமும் எஃகுத் தூண்களையும் உத்தரங்களையும் நிறைத்து அவ்விசையைத் தாங்கினர். மாடிகள் ஏற ஏறச் செலவும் ஏறியது. கான் அவர்களோ வலிமையை வெளிப்புறத்திற்குக் கொண்டு சென்றார். உள்ளே வெறுமையாக இருந்தும் மூங்கில் காற்றுக்கு ஒடியாமல் நிற்பதை நாம் காண்கிறோம் அல்லவா? அதுபோலக் கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாக்கினார். சிகாகோவில் 1969இல் எழுந்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தின் வெளிப்புறத்தில், பெருக்கல் குறி வடிவில் பெரும் எஃகுச் சட்டங்கள் குறுக்கிட்டுச் செல்வது இதற்காகவே.

கணக்கைப் பாருங்கள். 1931இல் கட்டிய 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்திற்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 206 கிலோ எஃகு தேவைப்பட்டது. ஹான்காக் கட்டடத்திற்கு 145 கிலோவே போதுமானதாயிற்று. பத்தில் மூன்று பங்கு மிச்சம், உறுதியில் குறைவில்லை.

ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்திலும் அவரது உழைப்பு உண்டு. 45 மீட்டர் உயர எஃகுத் தூண்களிலிருந்து எஃகு வடங்களால் தொங்கும் கூடாரக் கூரையின் நிழலில் நம்மவர் சிலரும் இளைப்பாறியிருப்பர். 1982இல் அவர் காலமானதும் அந்த ஜித்தாவிலேயே.

நமது வீடுகளின் கான்கிரீட்டுக்கும் இப்பாடம் பொருந்தும். பீமில் கம்பி அளவு மீறினால், பளு மிகும்போது கம்பி நீண்டு, விரிசல் காட்டி எச்சரிப்பதற்கு முன்பே கான்கிரீட் திடீரென நொறுங்கக்கூடும். ஆகவே, கூடுதல் கம்பிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தகுதி பெற்ற பொறியாளரின் வரைபடத்திற்குக் கொடுப்போம். "கூடப் போடுங்கள்" என்பதை விடுத்து, "வரைபடத்தில் உள்ளபடி போடுங்கள்" என்போம். விரயமும் நீங்கும், ஆபத்தும் நீங்கும்.