பற்குழியின் விளிம்பு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல் வைத்தியரை நாடுவோருட் பலர், சூத்தைப் பல்லுக்குப் பல்லின் நிறமே கொண்ட நிரப்பியை விரும்புகின்றனர். கொம்பொசிற் எனப்படும் அப்பொருள், பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்த கலவையாகும். இரசக்கலவை போலத் தனித்துத் தெரியாமல் பல்லோடு ஒன்றித் தோன்றுவது அதன் சிறப்பு. ஆயினும் அதன் ஆயுள் நிறத்திலன்று, விளிம்பிலேயே தங்கியுள்ளது.

நீலவொளி பட்டு இறுகும்போது இந்நிரப்பி நூற்றுக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 பங்கு சுருங்குகிறது. அச்சுருக்கம் அதனைக் குழியின் சுவரிலிருந்து பிரித்திழுக்கிறது. சூடான தேநீரும் குளிர்ந்த ஐஸ்கிறீமும் மாறிமாறி உண்ணப்படும்போது, பல்லைக் காட்டிலும் நிரப்பியே மிகுதியாக விரிந்து சுருங்குகிறது. பிணைப்பு நெகிழ்ந்த இடத்தில், கண்ணுக்குப் புலப்படாத இடுக்கு உண்டாகும். உமிழ்நீரும் கிருமிகளும் அதன் வழியே புகும். கூச்சமும் விளிம்பிற் கறையும், காலப்போக்கில் நிரப்பியின் அடியில் மீண்டும் சூத்தையும் தோன்றலாம்.

பல்லின் மேலுறையாகிய எனாமலை மிளிரி என்பர். பொசுபோரிக் அமிலம் பூசிய மிளிரியில் பிசின் உறுதியாக ஒட்டுவதை, அமெரிக்கரான மைக்கேல் புவொனோகோர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமிலம் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்க, பிசின் அவற்றுள் வேரூன்றுகிறது. முன்பல்லில் குழியின் விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவினால், மிளிரிக் கோல்களின் முனைகள் வெளிப்பட்டுப் பிணைப்பு வலுக்கும், கசிவு குறையும். கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பிலோ பொதுவாக இவ்வாறு சீவுவதில்லை. அங்கே நிரப்பியின் மெல்லிய ஓரம் கடிவிசையால் உடையக்கூடும்.

மிளிரியின் நிறையில் நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருளாகும். அதன் அடியிலுள்ள பன்முதலிலோ நீரும் நாரும் மிகுதி. ஆதலால் அங்கு ஒட்டுவது கடினம். ஆய்வுகூடங்களில், பிடுங்கிய பற்களை நிரப்பிச் சாயத்தில் ஊறவைத்து, அறுத்துப் பார்ப்பர். முரசை அடுத்துப் பன்முதலில் அமைந்த விளிம்பிலேயே சாயம் பெரும்பாலும் ஆழமாகப் புகுந்திருக்கும்.

ஆகவே, வைத்தியர் பல்லைச் சுற்றி இறப்பர்த் திரையிட்டு உமிழ்நீரை விலக்குவதும், ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பான படைகளாக நிரப்பி ஒவ்வொன்றையும் இறுகச் செய்வதும் வீண் தாமதமல்ல. சூத்தை சிறிதாயிருக்கையில், குழியைச் சுற்றி மிளிரி எஞ்சியிருக்கும்போதே சிகிச்சை பெறுபவரின் நிரப்பி நெடுநாள் நிலைக்க வாய்ப்புண்டு. வலி வரட்டுமென்று காத்திருப்பவர் இழப்பது அந்த விளிம்பையே.