இமயப் பனியும் நம் ஊர் மழையும்

(மத்தூரில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பனி என்றவுடன் மார்கழியில் கொள்ளுச் செடியின் இலைமேல் நிற்கும் துளியே நம் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பதோ இமயமலையில் உறைந்து கிடக்கும் பனியைப் பற்றி. அதனை அளப்பதற்கும் மத்தூருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், நம் பகுதி அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டம் பெரிதும் துன்புற்றது. மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று 1875-ல் நிறுவப்பெற்ற இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்தார். இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையக்கூடும் என 1884-ல் எழுதினார். வெயிலின் வெப்பம் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடும். நிலம் சூடேறத் தாமதமாகும். கடற்காற்றை உள்ளே இழுக்கும் வலிமை குறையும். 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு முறையாக வெளிவரலாயிற்று. பனி ஒன்றே மழையை முடிவு செய்வதன்று, தொலைவிலுள்ள பசிபிக் கடலின் வெப்பமும் அதனை மாற்றும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பனியை அளப்பது எங்ஙனம்? களத்துக் குவியலின் உயரத்தை மட்டும் கண்டு மகசூலைக் கூற இயலாது. பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என அறிய வேண்டும். அதுபோலவே பனியும். புதிதாய் விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீரே கிடைக்கும். நாட்பட்டு இறுகிய பனியிலோ நீர் மிகுதி. அமெரிக்க நாட்டு நெவாடாவில் ஜேம்ஸ் சர்ச் என்னும் லத்தீன் மொழிப் பேராசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழாயைப் பனியில் செருகி, எடுத்து, நிறுத்துப் பார்த்து நீரின் அளவைக் கண்டார்.

மனிதர் ஏற இயலாத சிகரங்களைச் செயற்கைக்கோள்கள் காண்கின்றன. மேகமும் பனியும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெண்மையே. எனினும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் பனி கருமையாய்த் தோன்றுவதால் இரண்டையும் பிரித்தறியலாம். ஆழத்தை அறிய நுண்ணலைகள் உதவுகின்றன: நிலத்திலிருந்து எழும் அலைகளைப் பனிமணிகள் சிதறடிப்பதால், பனி ஆழமாக ஆழமாக மேலே எட்டும் அலை குறையும். பனி நனைந்திருந்தாலும், மலை செங்குத்தாக இருந்தாலும் இக்கணக்கு பிழைபடும். ஆதலால் தரையில் அளந்த அளவையும், அன்றாட வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணைக்கு உருகுபனி நீர் எவ்வளவு வரும் என்று 1980-களிலேயே நம் நாட்டு அறிஞர்கள் இவ்வாறு மதிப்பிட்டனர்.

நம் தென்பெண்ணைக்குப் பனி மலை இல்லை. நந்தி மலையில் தோன்றி வரும் அந்த ஆற்றுக்கு மழையே முதல். சேமிப்பும் மலையுச்சியில் இல்லை. ஏரியிலும் கிணற்றிலுமே உள்ளது. அதனை அளக்கச் செயற்கைக்கோள் வேண்டுவதில்லை. ஒரு மழைமானி, ஒரு கயிறு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் நாலாயிரம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீராகும். எவ்வளவு பெய்தது, கிணற்றில் எவ்வளவு ஏறியது என்பதை எழுதி வைத்தால், எத்தனை ஏக்கர் தக்காளி நடலாம், எங்கே கேழ்வரகோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதைக்கு முன்பே புலப்படும். கடன் வாங்கி நட்ட பயிர் நடுவில் கருகுவதைக் காட்டிலும் இம்முயற்சி எளிதன்றோ?

ஒவ்வொரு சிற்றூரிலும் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு மழைமானி வைப்போம். மாதந்தோறும் குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்போம். மார்ச் 22, உலக நீர் நாளில் கூடும் கிராம சபையில் அக்கணக்கை எல்லாரும் அறியப் படிப்போம். பணத்துக்குக் கணக்கு எழுதும் நாம் நீருக்கும் எழுதத் தொடங்குவோமாக!